பாவு முடியும் வரை

திருமேனிநாதர் துணை
துணைமாலை அம்மன் துணை

அருப்புக்கோட்டை
ஆனந்த வருடம், தை 15

போடியில் ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே சுகமாக இருக்கும் அண்ணன் தனுஷ்கோடி அவர்களுக்கும் மதினிக்கும், தங்கை ஆவுடைத்தாய் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகம். கிணறு மட்டும் சுகமில்லை. கார்த்திகையில் முக்கால் வாளி வந்தது. இப்போது கால் வாளி, அதிலும் பாதி சேறு. அங்கே விடாமல் மழை பெய்வதாக மதினி எழுதியிருந்தார்கள். ஒரு தடவை படித்தேன், மடித்து வைத்துவிட்டேன். இரண்டாம் தடவை படிக்க மனசு வரவில்லை.

நிற்க. நீங்கள் போட்ட மூன்று கார்டும் வந்து சேர்ந்தன. மூன்றிலும் ஒரே கேள்விதான் இருந்தது. வீடு காலியாகிவிட்டதா, சாவி கைக்கு வந்ததா என்று. மூன்றுக்கும் சேர்த்துப் பதில்: காலியாகவில்லை, வரவில்லை. ஏன் என்று எழுதக் கார்டில் இடம் போதாது என்பதால் கவர் வாங்கி எழுதுகிறேன். கோபப்படுகிறதாக இருந்தால் கடைசி வரைக்கும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள் அண்ணா. பாதியில் கோபப்பட்டால் மீதியை மதினிதான் படிக்க வேண்டியிருக்கும்.

நம் தெற்குத் தெரு வீட்டைப் பஞ்சு மூட்டை அடுக்கிவைக்கும் கிட்டங்கிக்காகச் சங்கரபாண்டியன் முதலாளிக்குப் பேசி முடித்துவிட்டதாகவும், தை மாதம் அவர் பால் காய்ச்ச வேண்டும் என்றும், குடியிருக்கும் நெசவுக்காரர் அருஞ்சுனையை அதற்குள் எழுப்பிவிடு என்றும் கார்த்திகையில் எழுதினீர்கள். அண்ணன் சொல்லுக்கு மறுசொல் உண்டா, அன்றைக்கே போனேன். அருஞ்சுனை குழித்தறியில் உட்கார்ந்து சேலை நெய்துகொண்டிருந்தார். தரையில் இடுப்பளவு குழி வெட்டி, அதற்குள் காலைத் தொங்கப்போட்டு மிதிக்கிற தறி அது. அவர் பெண்சாதி கஸ்தூரி ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் ஐந்து. வீடு வேண்டும் தம்பி, அண்ணன் விற்கப்போகிறார்கள் என்று சொன்னேன். அவர் என்னோடு சண்டை போடுவார் என்று நினைத்து, பதிலுக்கு என்னென்ன பேசுவது என்று வழியெல்லாம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அந்த மனுசர், "சரிக்கா, வீடு உங்களுது. பாக்குறோம்" என்று சொல்லிவிட்டு மறுபடி மிதிக்க ஆரம்பித்துவிட்டார். தயார் செய்த பேச்சு அத்தனையும் வீணாகிவிட்டது. திரும்பி வரும்போது உங்கள் மாப்பிள்ளையிடம்தான் அதைச் செலவழித்தேன்.

ஒரு மாதம் அவர்கள் ஊரெல்லாம் பார்த்தார்கள். வீடு கிடைக்கவில்லை. அப்போதுதான் ராமலட்சுமி என் வாசலுக்கு வந்தாள். அவளைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். நரிக்குடிப் பக்கத்துப் பெண், முப்பது வயது இருக்கும், கல்யாணம் ஆகவில்லை. இங்கே மாதர் நலச் சங்கம் என்று புதிதாக ஒன்று ஏற்படுத்தியிருக்கிறார்கள், அதில் வேலை. என்ன வேலை என்றால், குடியிருக்கிற வீடு போகப்போகிறது என்று யாருக்காவது நிலைமை வந்தால், அவர்கள் தெருவுக்கு வந்துவிடாமல் பார்த்துக்கொள்கிற வேலை. இப்படியும் ஒரு வேலை உண்டா, இதற்கும் ஆள் வைப்பார்களா என்று எனக்கு வாய் பிளந்துவிட்டது. ஒரு துணிப்பை, ஒரு குடை, பை நிறைய நாற்பது பக்க நோட்டுகள். ஒரு குடும்பத்துக்கு ஒரு நோட்டு.

சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றேன். அவள் தண்ணீர் கேட்டாள். குடித்தாள். செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அக்கா, அந்த வீடு உங்க அண்ணனுக்கு எதுக்காகக் காலியா வேணும்?" என்று கேட்டாள். அண்ணா, இந்த இரண்டு மாதத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. நான்கூட உங்களிடம் கேட்கவில்லை. சொன்னேன், எழுதிக்கொண்டாள். கோர்ட்டுக்கு இழுப்பாயோ என்று கேட்டேன். "சட்டம் இருக்குக்கா, போகலாம். ஆனா கோர்ட்டுக்குப் போன குடும்பத்துக்கு அப்புறம் இந்த ஊர்ல ஒருத்தரும் வீடு குடுக்க மாட்டாக. இந்த வீட்ட ஜெயிச்சு ஊரத் தோத்த மாதிரி ஆயிரும்" என்றாள். பிறகு எழுந்து, "வாங்க, வீடு தேடப் போவோம்" என்றாள். நானா, நான் ஏன் என்றேன். "அவுக காலி பண்ணணும்னு உங்கள விட அக்கறையா இருக்கிறவுக யாருக்கா? உங்க அளவுக்கு ஒழுங்கா வேற யாரு தேடுவாக?" என்றாள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டேன். யோசித்து முடிக்கும்போது இரண்டு தெரு தாண்டியிருந்தோம்.

அந்த அருஞ்சுனை நோட்டை என்னிடம் படிக்கக் கொடுத்தாள். நான் பள்ளிக்கூடம் போகாமல் பொட்டலத் தாளில் எழுத்துக் கூட்டிப் படித்தவள் என்பது உங்களுக்குத் தெரியும். அரிசியும் விறகும் தண்ணீர்க் குடமும் நாள் தவறாமல் எழுதி வைக்கிறவள், என்னைப் போல் எழுதுகிறவள் தெருவில் இல்லை என்று எனக்கு ஒரு கர்வம். அந்த நோட்டைப் பார்த்ததும் அது போன இடம் தெரியவில்லை. வீடு போனால் கூடவே என்னென்ன போகும் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தாள். நூல் தருகிற முதலாளி கூரை இல்லாத நெசவுக்காரருக்கு நூல் தரமாட்டார். நூல் போனால் கஞ்சித்தொட்டி வரிசை. விலாசம் போனால் ரேஷன் கார்டு. பக்கத்து வீட்டு அம்மாள் போனால் கைப்பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை, கஸ்தூரி ராட்டையில் உட்கார முடியாது. மூன்றாவது பையனுக்கு மூச்சு இழுப்பு, ராத்திரியில் வைத்தியர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிற தூரம் இத்தனை எட்டு என்று எண்ணியே எழுதியிருந்தாள். நான் வீடு என்றால் நான்கு சுவரும் ஒரு சாவியும் என்று நினைத்திருந்தேன் அண்ணா. திருச்சுழியில் அம்மன் சந்நிதியில் கற்பூரம் காட்டும்போது முகம் தெரியுமே, அந்த மாதிரி அந்தப் பக்கத்தில் எல்லாம் தெரிந்தது. தெருவில் நின்றுகொண்டே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

பதினோரு வீடு பார்த்தோம். முன்னறைக்குத் தறி நீளம் வேண்டும், அதற்கு ஒரு கயிறு வைத்திருந்தாள். ஒரு முனையை அவள் பிடிப்பாள், மறுமுனை நான். கயிற்றுக்குச் சரியாக வந்த வீடெல்லாம் குழி என்றதும் மாறிப்போயின. ஒரு பெரியவர், "வீட்டுக்குள்ள குழியா? ஏத்தா, நான் இன்னும் இருக்கேன்ல?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். இன்னொரு வீட்டில் குழிக்குச் சம்மதித்தார்கள். கடப்பாரையைப் போட்டால் தீப்பொறி பறக்கிறது, அடியில் முழுக்கப் பாறை. பாலவனத்தத்தில் நல்ல நீள வீடு, வீட்டுக்காரரும் தங்கமான மனுசர், ஆனால் அவ்வளவு தூரத்துக்கு நூல் கொடுத்தனுப்ப அவருடைய நூல் முதலாளி ஒப்பவில்லை. உக்கிரபாண்டி என்று ஒருவர் வீட்டுக்குப் போனோம். பையும் குடையுமாக ஒரு பெண் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிக்க வருகிறார்கள் என்று பயந்து பின்சுவர் ஏறிக் குதித்துவிட்டார். "அண்ணே, நாங்க வீடு பாக்க வந்தோம்" என்று ராமலட்சுமி கூப்பிடுகிறாள். அவர் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து, "எனக்கு ரெண்டே பிள்ளதாம்மா! மிச்சம் நாலும் எங்க அக்கா பிள்ளைக!" என்று கத்துகிறார். அவருடைய அக்கா வாசலில் நின்று, "ஏலே, எனக்கு எப்படா கல்யாணம் ஆச்சு?" என்கிறாள். அந்த வீடும் போயிற்று.

மார்கழி பதினைந்து, சோமவாரம், பதினோராவது வீட்டையும் பார்த்துவிட்டு அருஞ்சுனை வீட்டுக்கு வந்தோம். கஸ்தூரி எங்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். "மரத்தடியில தறி போட்டுக்கிறலாம்தான். மழை வந்தா குழி நிறைஞ்சிரும்" என்றாள். மழை எங்கேடி வருது இந்த ஊரில் என்றேன். "வராதுன்னு எழுதிக் குடுப்பீகளாக்கா?" என்றாள். அந்த நேரத்தில்தான் என் புத்தி வேலை செய்தது. தறியில் பாவு கிடந்தது. பாவு என்றால் நீளவாக்கில் போகிற நூல், பத்துச் சேலைக்கானதை மொத்தமாகச் சுற்றி வைத்து நெய்கிறார்கள். பாவைப் பாதியில் அறுத்துக்கொண்டு போகச் சொல்வது பாவம் அல்லவா? அதனால் நானே முன்வந்து, "தம்பி, இந்தப் பாவு முடியிற வரைக்கும் உங்கள எழுந்திரிக்கச் சொல்ல மாட்டேன்" என்றேன். சொன்னதோடு விட்டேனா? அவர்கள் சாமி மாடத்தில் கற்பூரம் ஏற்றச் சொல்லி, திருமேனிநாதர் சாட்சி, துணைமாலை அம்மன் சாட்சி என்று அதைக் கையால் மூன்று தரம் அணைத்துச் சத்தியம் செய்தேன்.

ராமலட்சுமி, "அக்கா, பாவு எப்ப முடியும்னு அவுககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றாள். எனக்கென்ன கண் இல்லையா, கணக்குத் தெரியாதா என்றேன். பாவு நூற்றிருபது முழம். ஒரு நாளைக்கு ஆறு முழம் நெய்கிறார். இருபது நாள். அமாவாசைக்குத் தறி ஓடாது, ஒரு நாள். பொங்கலுக்கு மூன்று நாள். ஆக இருபத்து நான்கு. தை பத்தாம் தேதி சாயங்காலம் பாவு முடியும், தை பதினொன்று வெள்ளிக்கிழமை காலை சாவி. உங்களுக்கும் அப்படித்தான் எழுதினேன், நீங்களும் முதலாளிக்குச் சொல்லிவிட்டீர்கள். மூன்று நாளைக்கு ஒரு தரம் போய் முழம் போட்டுப் பார்த்தேன். கணக்கு ஒரு விரற்கடை பிசகவில்லை. தை பத்தாம் தேதி சாயங்காலம் கையகலம்தான் மீதி.

வெள்ளிக்கிழமை காலையில் வேப்பிலைக் கொத்தும் புதுப் பூட்டுமாகப் போகிறேன். தறிக்குப் பின்னால் கஸ்தூரியும் மூத்த பெண்ணும் இரண்டு பக்கம் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். விரல்கள் மட்டும் ஓடுகின்றன. புதுப் பாவு ஒன்று வந்திருக்கிறது. பழைய பாவின் ஒவ்வொரு நூலின் முனையிலும் புதுப் பாவின் ஒவ்வொரு நூலை வைத்து முறுக்கி முடிச்சுப் போடுகிறார்கள்.

"என்னத்தா பண்றீக?" என்றேன்.

"பாவு பிணைக்கிறோம்க்கா."

"பழசு முடிஞ்சிருச்சுல்ல?"

அருஞ்சுனை சிரித்தார். "முடிய விடக்கூடாதுக்கா. முடிஞ்சுட்டா அத்தன நூலையும் திரும்ப விழுதுக் கண்ணுலயும் பண்ணைச் சீப்புப் பல்லுலயும் ஒவ்வொண்ணாக் கோக்கணும். பழசோட நுனியில புதுசக் கட்டி இழுத்துட்டா அதுவா உள்ள போயிரும். எல்லாத் தறியிலயும் இப்படித்தான்."

"அப்ப இந்தப் பாவு எப்பத்தான் தம்பி முடியும்?"

அவர் மேலே பார்த்து யோசித்தார். "இந்த வீட்டுக்கு வந்தன்னைக்கு எங்க அய்யா கோத்துக் குடுத்தது. பதினஞ்சு வருசம் ஆச்சு. இன்னும் முடியல."

வேப்பிலைக் கொத்தோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை நூல் என்று கேட்டேன். இரண்டாயிரத்து நானூறு. ஒரு பாவுக்கு இரண்டாயிரத்து நானூறு முடிச்சு, மாதம் ஒரு பாவு, பதினைந்து வருடம். பெருக்கிப் பார்க்கப் போனேன், நாலு லட்சத்தைத் தாண்டியதும் மனசு நின்றுவிட்டது. நம் வீட்டில் யார் யாரோ பிறந்து, யார் யாரோ போய்ச் சேர்ந்து, நான் இரண்டு பிள்ளை பெற்று, நீங்கள் போடிக்குப் போய், இத்தனைக்கும் நடுவே அந்த முன்னறையில் ஒரே நூல் அறாமல் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் அதன் மேல் சத்தியம் செய்திருக்கிறேன். சாமிக்கு என் கணக்கைப் பார்த்து எவ்வளவு சிரிப்பு வந்திருக்கும்!

இந்த நிலைமையில் சங்கரபாண்டியன் முதலாளி கன்றும் பசுவும், பால்செம்பும், தங்கச்சிகள் இரண்டு பேருமாக வந்து இறங்குகிறார். "என்னத்தா, வீடுன்னாக, உள்ள தறில்ல ஓடுது?" என்று போட்ட சத்தத்தில் தெரு கூடிவிட்டது. நான் சத்தியத்தைச் சொன்னேன். "பாவு முடியட்டும், நிக்கிறேன்" என்றார். முடியாது முதலாளி என்றேன். "சாயந்தரம்?" முடியாது. "மாசி?" நான் கொத்திலிருந்து வேப்பிலையை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தேன். இதற்குள் கன்றுக்குட்டி அவிழ்த்துக்கொண்டு உள்ளே போய், நூலுக்குப் போட வைத்திருந்த கஞ்சிப் பானையில் தலையை விட்டுக்கொண்டு எடுக்க வரவில்லை. பசு வாசலில் நின்று கதறுகிறது. முதலாளியின் தங்கச்சிகள், கொண்டுவந்த பாலைக் காய்ச்சாமல் திரும்பிக் கொண்டுபோனால் ஆகாது என்று அழுகிறார்கள். ராமலட்சுமி வந்தாள். குடையை மடக்கி மூலையில் சாத்தினாள். கன்றின் காதை மடக்கிப் பானையை உருவினாள். கஸ்தூரியின் அடுப்பிலேயே பாலைக் காய்ச்சச் சொன்னாள். எல்லோருக்கும் ஒரு வாய் கொடுத்தாள். முதலாளி குடித்து முடித்ததும் ஒரு புது நோட்டை எடுத்து, "அண்ணாச்சி, எத்தன பேல் பஞ்சு? எப்ப வருது?" என்று கேட்டாள். அந்த மனுசர், இத்தனை நேரம் ருத்திரமூர்த்தியாக நின்றவர், மடியிலிருந்து சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒழுங்காகப் பதில் சொல்கிறார். முடிவில், தை கடைசி வரைக்கும் பொறுக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கஞ்சி வழிகிற கன்றை இழுத்துக்கொண்டு போனார். அவள் குரல் ஒரு தரம்கூட உயரவில்லை. நான் சாமி கும்பிடுகிறவள், ஆனால் சாமி இந்த மாதிரி ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு வரும் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

ஆகவே அண்ணா, விண்ணப்பம் இதுதான். நான் அணைத்த கற்பூரத்தை இனி ஏற்ற முடியாது. பிறந்த வீட்டுப் பெண் செய்த சத்தியம், மீறினால் எனக்கு மட்டுமா, நம் எல்லோர் தலையிலும்தான் விழும். ஆகையால் பேச்சை முறித்துக்கொண்டு, அருஞ்சுனை குடும்பத்தை அங்கேயே இருக்கவிடவும். தெய்வக் குத்தத்துக்குப் பயந்தாவது விட்டுவிடவும். முதலாளிக்கு வேறு இடம் ராமலட்சுமி தேடுகிறாள், கயிற்றின் மறுமுனையை நான் பிடிக்கிறேன்.

மதினியின் முழங்கால் வலிக்கு நல்லெண்ணெய்யில் ஓமம் காய்ச்சித் தடவச் சொல்லவும். மருமக்கள் எல்லோரும் திருமேனிநாதர் அருளால் நோய்நொடி இல்லாமல், வாளி நிறையத் தண்ணீர் இறைக்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டு, தீர்க்காயுசாக இருக்கவேண்டும் என்று தினமும் விளக்கு ஏற்றும்போது சொல்லிக்கொள்கிறேன். உங்கள் மாப்பிள்ளை உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

அன்புத் தங்கை
ஆவுடைத்தாய்

பி.கு. தை 19, சனிக்கிழமை. மேலே எழுதியது எல்லாம் அடித்ததாக வைத்துக்கொள்ளவும். கவரை ஒட்டுவதற்கு முன்னால், சம்பந்தப்பட்டவர்கள் கேட்டுவிடட்டும் என்று இதை அருஞ்சுனைக்கும் கஸ்தூரிக்கும் படித்துக் காட்டினேன். அங்கேதான் தப்புச் செய்தேன். கஸ்தூரி அங்கங்கே சிரித்தாள். அருஞ்சுனை தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். கடைசியில், "அக்கா, உங்களுக்கும் அண்ணனுக்கும் நடுவுல எங்க பாவு கெடக்க வேணாம்" என்றார். மறுநாள் காலையில் நான் போவதற்குள் புதுப் பாவை அறுத்துச் சுற்றி வைத்துவிட்டு, விழுதிலும் பண்ணையிலும் ஒரு நூல் மிச்சமில்லாமல் உருவிப்போட்டிருந்தார். என் சத்தியம் முடிந்துவிட்டதாம். ராமலட்சுமி வந்து பார்த்தாள். அவள் சத்தம் போட்டதை அன்றைக்குத்தான் கேட்டேன். "யாரக் கேட்டு அறுத்தீக? நான் எதுக்கு இருக்கேன்?" என்று தெருவே கேட்கிற மாதிரி கத்திவிட்டு, குழி ஓரத்தில் உட்கார்ந்து அந்த நூல்களைக் கையில் எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். சாமிக்கும் எனக்கும் உள்ள சத்தியத்தை நான் எப்படி நிறைவேற்றப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதை ஒரு நெசவுக்காரர் தன் பதினைந்து வருடத்தை வெட்டி எனக்காக அடைத்துவிட்டார்.

சாவியை முதலாளியிடம் கொடுத்தாயிற்று. வீடு உங்கள் இஷ்டப்படி காலி. தறிக்கட்டைகளும் பானைகளும் ஐந்து பிள்ளைகளும் வண்டியில் ஏறித் தெருவில் நின்றார்கள். வண்டிக்காரர், "எங்கத்தா ஓட்டணும்?" என்றார். அருஞ்சுனை மாட்டைப் பார்த்தார். ராமலட்சுமி நோட்டைப் புரட்டினாள், கடைசிப் பக்கம் வரைக்கும் போய்விட்டு மறுபடி முதலிலிருந்து புரட்டினாள். "நம்ம வீட்டுக்கு ஓட்டு" என்று ஒரு குரல் கேட்டது. அது என் குரல்தான் என்று தெரிய எனக்கே கொஞ்ச நேரம் ஆயிற்று.

என் வீட்டு முன்கட்டில் உங்கள் மாப்பிள்ளையின் மிளகாய் வத்தல் மூட்டைகளை ஓரமாக அடுக்கிவிட்டுக் கயிறு போட்டுப் பார்த்தோம், இரண்டு முழம் மிச்சமாகவே இருந்தது. இத்தனை நாள் பதினோரு வீட்டுக்குக் கயிற்றைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள் இதை அளந்து பார்க்கவில்லை. நேற்றுக் குழி வெட்டினார்கள். பாறை இல்லை, நல்ல கரிசல். வத்தல் நெடியில் ஐந்து பிள்ளைகளும் தும்முகிறார்கள், இழுப்புக்காரப் பையனுக்கு மட்டும் ஏனோ மூச்சு நன்றாக ஓடுகிறது. உங்கள் மாப்பிள்ளை வத்தல் வாங்க வீரசோழன் சந்தைக்குப் போய் நான்கு நாள் ஆகிறது, நாளைக்கு வருகிறார்கள். முன்கட்டில் குழி இருப்பது அவர்களுக்குத் தெரியாது. நீங்களும் மதினியும் ஒரு கார்டு எழுதிப்போடுங்கள். நான் சொல்வதைவிட நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

இப்போது முன்கட்டில் கஸ்தூரி ஒரு பக்கமும் என் மகள் ஒரு பக்கமும் உட்கார்ந்து நூலை ஒவ்வொன்றாக விழுதில் கோக்கிறார்கள். இரண்டாயிரத்து நானூற்றில் எழுநூற்றுச் சொச்சம் ஆகியிருக்கிறது. சற்று முன் அருஞ்சுனை வாசல்படிக்கு வந்து நின்று, தலையைச் சொறிந்துகொண்டு, "அக்கா, நாங்க இங்க எதுவரைக்கும் இருக்கலாம்?" என்று கேட்டார்.

உலை கொதிக்கிறது தம்பி என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.